வள்ளியைத் துரத்தியவர்களும் நாமும்

இளைஞர் வகுப்புக்கான பாடக் கட்டுரை



"குடும்ப கௌரவமும் பெண்ணுரிமையும்" என்ற தலைப்பில் இந்த மாத வகுப்புக்குப் பாடம் தயார் செய்யச் சொன்னார்கள். சட்டம், புராணம், நீதிமன்றத் தீர்ப்பு என்று நிறையப் படித்தேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாகணும். அதை மறைத்துவிட்டு இந்தத் தலைப்பில் நான் பாடம் எடுத்தால் அது நேர்மையாக இருக்காது.

1. நான் எடுத்த போட்டோ

எனக்கு அப்போது 19 வயது. உலு யாமில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே தாமானில் இரண்டு வரிசை தள்ளி. பெரியப்பா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ரவாங்கில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். அக்கா யாரையோ விரும்புகிறார் என்று உறவுக்குள் பேச்சு வந்தது. பையன் நம் சாதி இல்லை என்பதும் கூடவே வந்தது.

ஒருநாள் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயும் தம்பிதானே, உனக்குப் பொறுப்பு இல்லையா? அவ எங்க போறா, யாரோட போறான்னு கொஞ்சம் பாரு" என்று சொல்லி, பெட்ரோலுக்கு 50 ரிங்கிட் கையில் வைத்தார். ரவாங் ரயில் நிலையத்தில் இருந்து மோட்டாரில் பின்னால் போனேன். ஓர் உணவுக்கடையில் அக்காவும் அந்த அண்ணனும் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேற ஒண்ணுமே இல்லை. கைப்பேசியை எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன். கடை பெயர், நேரம் எல்லாம் போட்டுப் பெரியப்பாவுக்குப் புலனத்தில் அனுப்பினேன்.

அன்றிரவு அக்காவுக்கு அடி விழுந்தது. கைப்பேசியையும் அடையாளக் கார்டையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். நான்கு மாதம் வீட்டு வாசலைத் தாண்டவிடவில்லை. வேலை போனது. எல்லோரும் என்னைப் "பொறுப்பான பிள்ளை" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

2. பொறியியல் படித்த நால்வர்

இந்தப் பாடத்துக்காகத் தமிழ்நாட்டு வழக்குகளைத் தேடியபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. கொல்லப்பட்டவர்களில் பலர் என்னைப் போலவே பொறியியல் படித்தவர்கள்.

முதலாமவர் முருகேசன். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. வேதிப் பொறியியல் பட்டதாரி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியை 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்தார். கண்ணகியை வேறு ஊரில் உறவினர் வீட்டில் பாதுகாப்பாக விட்டிருந்தார். பெண் வீட்டார் முருகேசனைப் பிடித்து, அடித்து, அந்த இடத்தைக் கேட்டு வாங்கினார்கள். 2003 ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் சகோதரருக்கு மரண தண்டனையும், தந்தை உட்பட 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. வழக்கைத் திசைதிருப்பிய காவல்துறையினரும் அதில் தண்டிக்கப்பட்டார்கள். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

இரண்டாமவர் கோகுல்ராஜ். சேலம் மாவட்டம் ஓமலூர். பொறியியல் முடித்தவர். 2015 ஜூன் 23ஆம் தேதி கூடப் படித்த வேற்றுச் சாதித் தோழியுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். அங்கே ஒரு கும்பல் அவரைப் பிரித்து இழுத்துச் சென்றது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. அந்தத் தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியாக மாறிவிட்டார். ஆனால் கோயிலில் இருந்த கண்காணிப்புக் கேமரா மாறவில்லை. அந்தப் பதிவு முக்கியச் சாட்சியாக நின்றது. முதல் குற்றவாளி யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் 2022 மார்ச் 8ஆம் தேதி, அனைத்துலக மகளிர் தினத்தன்று, மதுரையில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அது எந்தக் கோயில் தெரியுமா? அர்த்தநாரீஸ்வரர் கோயில். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று இறைவனே உடம்பால் காட்டி நிற்கிற சந்நிதி. அங்கேதான் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்றது குற்றம் என்று முடிவு கட்டினார்கள்.

மூன்றாமவர் சங்கர். உடுமலைப்பேட்டை பக்கம் குமரலிங்கம். பொறியியல் இறுதியாண்டு மாணவர், பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அதே கல்லூரியில் படித்த கௌசல்யாவை 2015 ஜூலையில் பழனியில் கோயிலில் மணந்தார். எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச் 13ஆம் தேதி, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் இருவரையும் வெட்டினார்கள். சங்கர் இறந்தார், அவருக்கு வயது 22. கௌசல்யா தலையில் காயத்தோடு பிழைத்தார். அவருக்கு வயது 19.

கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12ஆம் தேதி திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது, தாயை விடுவித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையையும் விடுதலை செ்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. கௌசல்யா வீட்டுக்குள் முடங்கவில்லை. பறை கற்றார், வேலைக்குப் போனார், சங்கர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார், ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார்.

நான்காமவர் கவின் செல்வகணேஷ், சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். 2025 ஜூலை 27ஆம் தேதி திருநெல்வேலியில் கொல்லப்பட்டார். அவர் பழகிய பெண்ணின் தம்பிமீது குற்றம் சாட்டப்பட்டு வழக்கு நடக்கிறது. இதற்குப் பிறகுதான், 2025 அக்டோபரில், தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முருகேசன் வழக்கில் "அவள் எங்கே இருக்கிறாள்?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இரண்டு உயிரை எடுத்தது. நான் பெரியப்பாவுக்கு அனுப்பியதும் அதே கேள்விக்கான பதில்தான். எங்கள் வீட்டில் யாரும் அரிவாள் எடுக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். என் நல்ல குணம் அதற்குக் காரணம் இல்லை.

3. கௌரவம் எப்படி வேலை செய்கிறது?

கட்டடப் பொறியியலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பார்கள்: மொத்த பாரத்தையும் ஒரே தூணில் இறக்காதே. நம் குடும்பங்களில் "மானம்" என்ற பாரத்தை முழுக்க ஒரே தூணில் ஏற்றி வைத்திருக்கிறோம். அந்தத் தூண் வீட்டுப் பெண். அண்ணன் குடித்துவிட்டு வந்தால் "பையன்தானே, திருந்திடுவான்". தம்பி கடன் வாங்கி ஓடினால் "நேரம் சரியில்லை". மகள் ஒருவரோடு டீ குடித்தால் மட்டும் வம்சமே தலைகுனிந்துவிடும்!

கொலை என்பது கடைசிப் படி. அதற்குக் கீழே பல படிகள் இருக்கின்றன: கைப்பேசியைச் சோதிப்பது, வேலையை நிறுத்துவது, அடையாளக் கார்டை மறைப்பது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது, "நான் மருந்து குடிச்சிடுவேன்" என்று அம்மா மிரட்டுவது. ஒவ்வொரு படியிலும் குடும்பத்தில் யாராவது ஒருவர் உதவி செய்கிறார். பெரும்பாலும் அந்த "யாராவது" அண்ணனோ தம்பியோதான்.

இது நம் இனத்துக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. ஆண்டுக்கு 5,000 பெண்கள் வரை இப்படிக் கொல்லப்படலாம் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னது. லண்டனில் குர்தியக் குடும்பத்தைச் சேர்ந்த 20 வயது பானாஸ் மஹ்மூத் என்ற பெண், தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று ஐந்து முறை போலீசிடம் சொன்னார். நம்பவில்லை. 2006 ஜனவரியில் கொல்லப்பட்டார். தந்தையும் சித்தப்பாவும் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு பெண் "எனக்குப் பயமா இருக்கு" என்றால் முதல் தடவையே நம்ப வேண்டும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

4. தோட்டத்தில் இருந்து வந்த மூட்டை

"அதெல்லாம் ஊர்ல, மலேசியாவுல ஏது சாதி?" என்று சிலர் கேட்பார்கள். நம் முன்னோர்களைப் பலவாறு அழைத்து வந்த முறைகளில் கங்காணி முறை முக்கியமானது. கங்காணி தன் ஊரிலும் உறவிலும் போய் ஆள் திரட்டுவார். அதனால் ஒரு தோட்டத்தில் ஒரே ஊர், ஒரே சாதி ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். கப்பலில் தட்டுமுட்டுச் சாமானோடு சாதியும் வந்தது. 1938இல் கங்காணி முறையில் ஆள் எடுப்பது நின்றது. மூட்டை மட்டும் இன்னும் பரணில் இருக்கிறது. நட்பில் சாதி கேட்க மாட்டோம், தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் தோளோடு தோள் உரசி ஏறுவோம். கல்யாணப் பேச்சு வந்ததும் பரணில் ஏறி அந்த மூட்டையை இறக்குவோம்.

என் பாட்டி கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்தில் 30 வருஷம் பால்மரம் வெட்டியவர். அக்கா விஷயத்தில் பாட்டியும் முதலில் பெரியப்பா பக்கம்தான். நான்கு மாதம் கழிச்சு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் திடீர்னு கேட்டார்: "ஏண்டா, காலையில பெரட்டுல கிராணி சாதியைப் பார்த்தா பேர் கூப்பிட்டான்? எல்லாரும் ஒரே இருட்டுலதானே மரத்துக்குப் போனோம்? அந்தப் புள்ளையைப் பூட்டி வச்சு என்னத்தக் கண்டீங்க?" பெரியப்பா பதில் பேசவில்லை. மறுநாள் அடையாளக் கார்டு திரும்பக் கிடைத்தது.

வீட்டில் ஒரு பெரியவர் வாயைத் திறந்தால் எவ்வளவு மாறும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதை அவர் முதல் நாளே கேட்டிருந்தால் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

5. வள்ளி கதையை முழுக்கப் படித்திருக்கிறோமா?

"நம் சமயமே இப்படித்தான் சொல்லுது" என்று சிலர் கௌரவத்துக்குச் சமயத்தைத் துணைக்கு இழுக்கிறார்கள். சரி, நாம் எல்லோரும் கும்பிடும் முருகனிடமே போவோம். அவர் பக்கத்தில் இரண்டு தேவியர். தெய்வானை பெரியவர்கள் பேசி முடித்த திருமணம். வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்தவர், தினைப்புனம் காத்தவர், காதலித்து மணந்தவர். இரண்டு பேரையும் ஒரே சந்நிதியில் வைத்துத்தான் நாம் தீபாராதனை பார்க்கிறோம்.

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் எதில் முடிகிறது தெரியுமா? சூரனை வென்றதில் இல்லை. வள்ளியம்மை திருமணத்தில் முடிகிறது. முருகனும் வள்ளியும் யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். தந்தை நம்பிராஜனும் வேடர்களும் வில்லோடு துரத்துகிறார்கள். அம்பு எய்கிறார்கள். எய்தவர்களே வீழ்ந்துபோகிறார்கள். வள்ளி தன் தந்தைக்காகவும் உறவுக்காகவும் கலங்குகிறார். அவர்கள் மறுபடி உயிர் பெற்று எழுகிறார்கள். அதன்பின் ஊருக்கே அழைத்துப் போய், நம்பிராஜனே தன் கையால் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிறார்.

இந்தக் கதையில் எனக்கு மூன்று பாடம் தெரிகிறது. ஒன்று, துரத்தியவர்கள் பக்கம் தெய்வம் இல்லை. இரண்டு, துரத்திய அப்பாவை வள்ளி வெறுக்கவில்லை. அவர் கேட்டது தன் விருப்பத்துக்கு மரியாதை, உறவு அறுபடணும் என்று அவர் கேட்கவில்லை. மூன்று, நம்பிராஜன் மாறினார். மனசு மாறியதால் அவர் மானம் போய்விடவில்லை, ஊரே கூடிய கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவாக நின்றார்.

புராணத்தில் இருப்பதை எல்லாம் வாழ்க்கையில் அப்படியே நடத்த முடியாதுதான். சங்கரிடம் வேல் இல்லை. மனிதருக்கு மனிதர்தான் காவல். அதற்குத்தான் சட்டம்.

6. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2018 மார்ச் 27ஆம் தேதி, சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவர் மனமொத்து மணப்பதில் குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு, தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் என்று வழிமுறைகளும் தந்தது. மலேசியாவில் இருக்கும் நாம் இவற்றைத் தெரிந்துவைக்கணும்:

முஸ்லிம் அல்லாதவர் திருமணம் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. இரு தரப்பும் சுயமாகச் சம்மதிக்கிறார்கள் என்று பதிவாளர் திருப்தி அடையாமல் திருமணத்தை நடத்த முடியாது. 21 வயதுக்குக் கீழ் என்றால் தந்தையின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். 21 ஆகிவிட்டால் வேண்டியதில்லை.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவரை விருப்பமில்லாத திருமணத்துக்குப் பலவந்தமாகவோ மிரட்டியோ தள்ளுவது குற்றம். 21 வயது நிறைந்தவரின் செல்லத்தக்க திருமணத்தை அப்படித் தடுப்பதும் குற்றம்.

1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியது என்று நினைக்காதீர்கள். வயது வந்த மகளையும் மகனையும் அது காக்கும். அடி மட்டுமல்ல, விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பதும், மனரீதியாக வதைப்பதும் அதில் வரும். 2017இல் செய்த திருத்தத்தால் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். அது ஏழு நாள் செல்லும்.

ஆக, எங்கள் வீட்டில் நான்கு மாதம் நடந்ததற்கு "குடும்ப விஷயம்" என்று பெயர் வைத்தோம். சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு.

7. நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, உளவு பார்க்க மறுப்போம். "அக்காவை, தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்றால் பாதுகாப்பது என்று பொருள். பின்தொடர்வதும் போட்டோ அனுப்புவதும் இருக்கும் இடத்தைச் சொல்வதும் பாதுகாப்பு இல்லை. இன்றைக்குக் கைப்பேசியில் இருப்பிடத்தைப் பகிர ஒரு விரல் போதும். அந்த விரலை எடுத்துவிடுவோம்.

இரண்டு, கேட்டால் நம்புவோம். "உங்க அப்பாவா? அவர் நல்லவராச்சே" என்ற பதில் வேண்டாம். "இப்ப பாதுகாப்பா இருக்கியா?" என்பதுதான் முதல் கேள்வி.

மூன்று, உதவி எண் சொல்லிக்கொடுப்போம். அவசரத்துக்கு 999. தாலியான் காசே 15999, நாள் முழுக்க இயங்கும். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், வங்கி அட்டை ஆகியவற்றின் நகலை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். போலீஸ் நிலையத்துக்குத் தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள்.

நான்கு, சமாதானம் பேசுவதில் கவனம் வேண்டும். "எல்லாம் சரியாயிடும், வீட்டுக்குப் போ" என்று பயந்து நிற்கிற பெண்ணை அனுப்பிவைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆபத்து இல்லை என்று அவரே சொன்ன பிறகுதான் பேச்சு.

ஐந்து, வீட்டுக்குள் பேசுவோம். பாட்டி கேட்ட மாதிரி ஒரு கேள்வி போதும். மேடையில் பேசுவதைவிடச் சாப்பாட்டு மேசையில் பேசுவது கஷ்டம். அதனால்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

ஆறு, ஆண்களான நாம் சுமையைப் பகிர்வோம். வீட்டு மானம் நம் நடத்தையிலும் இருக்கிறது. அக்காவுக்கு என்ன நேரக் கட்டுப்பாடோ அதுவே எனக்கும் என்று சொல்லிப் பாருங்கள். சட்டங்கள் தானாகத் தளரும்!

முடிக்கும் முன்

அக்கா 24 வயதில் அதே அண்ணனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள். பெரியப்பா இன்னும் பேசுவதில்லை. தீபாவளிக்குப் பெரியம்மா மட்டும் ரகசியமாக முறுக்கு அனுப்புகிறார்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்க அக்காவுக்கு போன் செய்தேன். மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீ போட்டோ எடுத்ததை அன்னிக்கே பார்த்தேன்டா தம்பி. சின்னப் பையன், பயந்து போய் எடுக்கறேன்னு நெனச்சேன். பெட்ரோல் காசு வேற குடுத்தாங்களா?" என்று சிரித்தார். எழுதச் சொன்னார், பேர் மட்டும் போடாதே என்றார். போனை வைக்கும் முன்னால் கேட்டார்: "அந்தப் போட்டோவை அழிச்சிட்டியா?"

இல்லை. மூன்று வருஷமாக என் கைப்பேசியில் இருந்தது. அன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன். அக்கா அதில் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அனுப்பிவிட்டு, என்னிடம் இருந்ததை அழித்தேன்.

வகுப்பில் கலந்துபேச

1. உங்கள் வீட்டில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் எந்தெந்த விதிகள் வேறுபடுகின்றன? பட்டியல் போடுங்கள்.

2. வள்ளி திருமணக் கதையில் நம்பிராஜன் மாறியதற்கு எது காரணம் என்று நினைக்கிறீர்கள்?

3. நண்பர் ஒருவர் தன் தங்கையைப் பின்தொடர உங்களைத் துணைக்குக் கூப்பிடுகிறார். என்ன பதில் சொல்வீர்கள்? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள்.

4. "குடும்ப விஷயம்" என்று சொல்லி நாம் ஒதுங்கிப்போன சம்பவம் ஏதாவது உண்டா? பெயர் சொல்லாமல் பகிருங்கள்.

5. 999, 15999 ஆகிய இரண்டு எண்களையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துவிட்டீர்களா?